நாக்கு மரீனோஸ் ருசித்த துறைமுகங்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை, புனித யெராஸிமோஸ் மீது சத்தியம். கெஃபலோனியாத் தீவில் ஆண்களில் பாதிப் பேருக்கு யெராஸிமோஸ் என்றுதான் பெயர்; எந்த யெராஸிமோஸ் மீது என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம், மடத்தில் வெள்ளிப் பேழைக்குள் படுத்திருக்கிற அந்தப் பெரியவர் மீதுதான்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 1974ஆம் ஆண்டு அதே தேதி வரை, லித்தாரியா ஊரில் தியமந்தீனாவின் நிலவறையில் இருந்த வெள்ளை ஒயின் பீப்பாய், அவள் புருஷன் பனாயிஸ் அந்த வேளையில் எந்தத் துறைமுகத்தில் இருந்தானோ அந்தத் துறைமுகத்தின் ருசியைக் கொடுத்தது. அதற்குப் பக்கத்துப் பீப்பாயில் இருந்த சிவப்பு ஒயினுக்கு, ஊர் வழக்கில் சொன்னால் கருப்பு ஒயினுக்கு, இப்படி ஒன்றும் நேரவில்லை என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாரும் அதைக் கவனித்துக் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் செப்டம்பர் ஏழாம் தேதி நடந்தது. அடுத்த வாரமே திராட்சை பறிப்பு. கல்யாணமான வருஷத்துச் சாற்றைப் புருஷனும் பெண்சாதியும் தாங்களே மிதிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். மலைச்சரிவில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விளைகிற ரொபோலா என்ற வெள்ளைத் திராட்சையைப் பனாயிஸ் மிதித்தான். கீழ்த்தோட்டத்து மவ்ரோதாஃப்னி என்ற கருப்பைத் தியமந்தீனா மிதித்தாள். இரண்டு கல்தொட்டிகளும் அடுத்தடுத்து இருந்ததால் வழுக்காமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வழுக்காத நேரத்திலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் காலில் முழங்கால்வரை ஏறிய ஊதாக் கறை நவம்பர் கடைசிவரை போகவில்லை. புருஷன் அக்டோபர் முதல் வாரமே போய்விட்டான். கப்பலில் இஞ்சின் அறை வேலை. கிளம்பும்போது நிலவறைக்குள் போய் வெள்ளைப் பீப்பாயை ஒரு தட்டுத் தட்டி, "பீப்பாய் திறக்கிறப்போ நான் இங்க இருப்பேன், பாத்துக்கடி" என்றான். "நீ வராம அதுல ஒரு சொட்டு என் வாய்ல படாது" என்றாள் அவள். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பனாயிஸ் காப்பாற்றிய விதம்தான் கொஞ்சம் வேறு.

புனித திமித்ரியோஸ் திருநாளான அக்டோபர் 26 அன்று ஊரே பீப்பாய் திறக்கும். எந்த வீட்டுப் பீப்பாயானாலும் அதைச் செய்தவன்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். மரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் அவனே முதலில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். லித்தாரியாவில் பீப்பாய் செய்தவன் மரீனோஸ். பனாயிஸின் கூட்டாளி, வயது இருபத்திரண்டு, பேச்சு குறைவு. பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டை வாங்கச் சனிக்கிழமைதோறும் ஆர்கோஸ்தோலிக்குப் போவான். வரும்போது அதே சாக்கில் ஊர்த் தபாலையும் போட்டுக்கொண்டு வருவான். ஊரில் அவனை நாக்கு மரீனோஸ் என்பார்கள்.

அன்று அவன் அடைப்பைத் தட்டி எடுத்து, கண்ணாடிக் கோப்பையில் பிடித்து, வாயில் வைத்து, நிலவறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ரொபோலா இல்லை" என்றான்.

"என்ன இல்லை? மலையிலிருந்து முதுகுல சுமந்து வந்தது நான்" என்றாள் தியமந்தீனா.

"நிலக்கரி. அப்புறம் மழை. நனைஞ்ச கம்பளி மாதிரி ஒண்ணு." கண்ணாடியைக் கீழே வைத்தான். "பனாயிஸ் கார்டிஃப்ல இருக்கான்."

"நாக்கே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன" என்று பக்கத்து வீட்டு ரூபீனா சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். ரோக்கோஸ் பாதிரியார்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். பல்லிடுக்கில் கரித்தூள் நெறுநெறுத்தது என்று பிற்பாடு கோயில் பதிவேட்டின் ஓரத்தில் எழுதியே வைத்தார். ரூபீனா தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள், நனைந்திருக்கிறதா என்று. அடுத்த சனிக்கிழமை மரீனோஸின் சாக்கிலிருந்து ஓர் அஞ்சல் அட்டை வந்தது: கார்டிஃப், ஒரே மழை, நிலக்கரி ஏற்றுகிறோம், வருகிற அக்டோபரில் வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு பீப்பாயின் அடிவண்டலை யாரும் கழுவவில்லை. வருஷா வருஷம் புதுச் சாற்றை அதன் மேலேயே ஊற்றினார்கள். பனாயிஸ் மிதித்தது அடியில்தானே இருந்தது. 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் தீவே குலுங்கி, லித்தாரியாவில் நாற்பத்தொரு வீடும் கோயில் மணிக்கூண்டும் விழுந்தன. ஊரில் மற்ற வீட்டுப் பீப்பாய் அத்தனையும் உருண்டு உடைந்தன. தியமந்தீனா வீட்டுக் கருப்புப் பீப்பாய்கூட ஒரு பட்டையை இழந்தது. வெள்ளைப் பீப்பாய் மட்டும் அசையவில்லை. அது அப்போது அட்லாண்டிக் நடுவில் இருந்ததால் கெஃபலோனியாவில் நிலநடுக்கம் வந்தது அதற்குத் தெரியவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பிஸ்கே வளைகுடாவில் புயல் என்றால் அது இடமும் வலமுமாக ஆடும். மரீனோஸ் சுவரில் இரும்பு வளையம் அடித்து அதைக் கப்பல் கயிற்றால் கட்டிவைத்தான். ஒரு பிப்ரவரியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்த ரூபீனா கடல் மயக்கம் வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள்.

அந்த வருஷங்களில் லித்தாரியாக்காரர்கள் ஊரை விட்டு நகராமலே உலகம் சுற்றினார்கள். ஐம்பத்து நாலில் புவெனஸ் அயர்ஸ், வாய் முழுக்கத் தோல் வாசனையும் சுட்ட மாட்டுக் கொழுப்பும். ஐம்பத்தைந்தில் கொழும்பு, இலவங்கப்பட்டை. அந்த வருஷம் குழந்தைகளுக்கு இருமல் வந்தால் ஒரு கரண்டி கொடுத்தார்கள். ஐம்பத்தேழில் மரீனோஸ் குடித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான். "புளிப்பு. ஆனா எலுமிச்சை இல்லை. காரம், அதுவும் சாதாரணக் காரம் இல்லை. எல்லாத்துலயும் புளிப்பும் காரமும் போடறாங்க. இலையைக்கூட விடலை, எண்ணெயில பொரிக்கிறாங்க" என்றான். பாதிரியார் ஒரு வாய் குடித்து, கண்ணில் தண்ணீர் வழிய முற்றத்துக்கு ஓடி, இந்த ஒயினைக் கோயில் வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டார். மறு சனிக்கிழமை வந்த அட்டையில் கலங்கரை விளக்கம் படம் போட்டு மெட்ராஸ் என்று இருந்தது. பின்னால் பனாயிஸின் கோணல் எழுத்து: எல்லாவற்றிலும் புளிப்பும் காரமும் போடுகிறார்கள், இலையைக்கூட விடவில்லை, எண்ணெயில் பொரிக்கிறார்கள், வருகிற அக்டோபரில் வந்துவிடுவேன். ஒரு சொல் பிசகவில்லை என்று ஊர் வாயைப் பிளந்தது.

தியமந்தீனா மட்டும் வெள்ளையைக் குடிக்கவே இல்லை. ஒவ்வோர் அக்டோபரும் கண்ணாடியைத் துடைத்து மரீனோஸிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பாள். அவன் தொண்டைக்குள் அது இறங்குவதைப் பார்ப்பாள். வருஷம் முழுவதும் வரும் அட்டைகளைவிட அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு தன் பங்குக்குக் கருப்பில் அரைக் கண்ணாடி ஊற்றி அடுப்படியில் தனியாக நின்று குடிப்பாள். அதில் என்ன ருசி என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அறுபத்தொன்றில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அந்த வருஷம் பிரான்சின் மார்செய்யிலிருந்து வந்தது அட்டை இல்லை, கடிதம். ஆனால் அது பிறகு. அக்டோபர் 26 அன்று மரீனோஸ் ஒரு வாய் குடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னது?" என்றாள் தியமந்தீனா.

"பூ."

"என்ன பூ?"

"ஏதோ ஒரு பூ. கல்லறைக்குப் போயிருப்பானோ என்னவோ."

"மரீனோஸ், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"வயலட் பூ" என்றான். "முகத்துக்குப் போடற பவுடர்ல வருமே, அது."

அன்று யாரும் இரண்டாவது கண்ணாடி கேட்கவில்லை. தியமந்தீனா அடைப்பைத் தானே அறைந்து மூடினாள். மறு சனிக்கிழமை மரீனோஸின் சாக்கிலிருந்து அந்தக் கடிதம் வந்தது; உறையின் பசை இன்னும் ஈரமாக இருந்தது, உள்ளே இருந்ததை அவள் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் வெள்ளைப் பீப்பாய்க்கு முதுகைக் காட்டித்தான் நிலவறைக்குள் நடந்தாள். வசந்தத்தில் அதன் மேல் படிந்த தூசியை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். கோபம் அவ்வளவுதான் தாங்கியது. ஏக்கம் அதைவிட நீளமாக இருந்தது.

அறுபத்து நாலு பிப்ரவரியில் கப்பல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: கப்பல் மூழ்கிவிட்டது, ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை. பாதிரியார் கறுப்பு அங்கியில் வந்து, நாற்பதாம் நாள் நினைவுப் பூசை வைத்துவிடலாம், ஆத்துமாவை அலையவிடக் கூடாது என்றார். "அக்டோபர் வரட்டும் சாமி" என்றாள் அவள். அக்டோபர் வந்தது. இதுவரை இல்லாத கூட்டம், நிலவறைப் படியில்கூட ஆள். மரீனோஸ் குடித்தான்.

"உப்பு" என்றான்.

படியில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரூபீனா தியமந்தீனாவின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். மரீனோஸுக்கு அப்போது முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று தீவில் தெரியாதவர் இல்லை. அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் போதும். தியமந்தீனா ஒரு வருஷம் கறுப்புத் துணி உடுத்தியிருப்பாள், அதற்கடுத்த வருஷம் கோயிலில் அவன் பக்கத்தில் நின்றிருப்பாள். அவன் கண்ணாடியை இன்னொரு முறை வாயில் வைத்தான்.

"உப்பு இருக்கு" என்றான். "புகையிலையும் இருக்கு. செத்தவன் சுருட்டுப் பிடிக்க மாட்டான்."

பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார். தியமந்தீனா கையைக் கட்டியபடியே நின்றாள். அன்றிலிருந்து பத்து வருஷம் அதே கதை. அட்டை ஒன்றும் வரவில்லை; துறைமுகத்தின் பெயரும் மரீனோஸுக்குப் பிடிபடவில்லை; உப்பு, புகையிலை, உப்பு, புகையிலை. எழுபதில் மட்டும் கொஞ்சம் வெங்காய சூப் தெரிகிறது என்றான். ஊருக்குப் பொறுமை போனது. "அட மடையா, உப்புன்னு சொல்லிட்டு வாயை மூடேன்டா, ரெண்டு பேருக்கும் வழி பொறக்கும்" என்று ரூபீனா நடுத்தெருவில் வைத்தே திட்டினாள். "தெரியறதைத்தானே சொல்ல முடியும்" என்றான் அவன்.

இங்கே பட்டப்பெயர் பற்றி ஒரு வார்த்தை. லித்தாரியாவில் பட்டப்பெயரைத் தலைகீழாக வைப்பார்கள். மொட்டைத் தலை ரொட்டிக்காரன் பெயர் சுருட்டை; பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் பாதிரியார் பெயர் பந்தயக் குதிரை; வாய் ஓயாத ரூபீனாவுக்கு ஊமைச்சி. பந்தயக் குதிரைதான் எழுபத்து நாலாம் வருஷம் செப்டம்பரில் மூச்சிரைக்க ஏறி வந்து செய்தியைச் சொன்னார்: மெல்போர்னிலிருக்கும் மரீனோஸின் தம்பி அவனுக்குக் கப்பல் சீட்டு அனுப்பியிருக்கிறான், நவம்பரில் போகிறானாம்.

அன்று சாயங்காலம் மரீனோஸ் பீப்பாய்ப் பட்டையை இறுக்க வந்தபோது தியமந்தீனா கேட்டாள்.

"போறியாமே?"

"போகலாம்னு."

"அப்போ அடுத்த வருஷம் இதை யார் குடிச்சுப் பாத்துச் சொல்றது?"

அவன் சுத்தியலால் பட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு சுற்று முடிந்தது. "எனக்கு நாப்பத்து நாலு ஆச்சு, தியமந்தீனா" என்றான்.

மறுநாள் அவள் பாதிரியாரிடம் போய், இந்தத் திமித்ரியோஸ் திருநாளிலேயே பனாயிஸுக்கு நினைவுப் பூசை என்றாள். பூசைச் சாப்பாட்டில் வெள்ளையைத்தான் ஊற்றப்போவதாகவும், தானும் குடிக்கப்போவதாகவும் சொன்னாள். வாக்குக் கொடுத்தது உயிரோடு இருக்கிறவனுக்கு. இறந்துவிட்டான் என்று முடிவானால் வாக்குக்கும் பூசை போட்டாகிவிட்டது.

இறந்தவருக்கென்றே வைக்கிற, மாதுளை முத்து தூவிய அவித்த கோதுமை, உப்புக் கருவாடு, பூண்டு போட்டு மசித்த உருளைக்கிழங்கு. முப்பது பேர் உட்கார்ந்தார்கள். ஒயின் குடிக்கிறபோது கண்ணுக்கு நிறம், மூக்குக்கு வாசம், நாக்குக்கு ருசி, விரலுக்குக் குளிர்ச்சி எல்லாம் கிடைக்கிறது, காது மட்டும் பாவம் என்றுதான் கண்ணாடியோடு கண்ணாடியை முட்டுவது. இறந்தவருக்காகக் குடிக்கும்போது மட்டும் முட்டக் கூடாது. முப்பது பேரும் கண்ணாடியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கையில் பட்டுவிடாமல் முழங்கையை ஒடுக்கி, "ஆண்டவர் அவரை மன்னிப்பாராக" என்று முணுமுணுத்தார்கள். முதல் வாயை அன்று மரீனோஸ் குடிக்கவில்லை. தியமந்தீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எதிரில் அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் குடித்தாள். வாயில் வைத்தபடியே கண்ணை மூடினாள். உப்பு இல்லை. நிலக்கரி இல்லை, புளிப்பும் காரமும் இல்லை, பவுடர் இல்லை. முதலில் எலுமிச்சைத் தோல். பிறகு வெயிலில் சுட்ட கல்லில் முதல் தூறல் விழும்போது வருகிற வாசம். கடைசியில் மலைச்சரிவு அப்படியே, செப்டம்பர் மாதத்தோடு.

"ரொபோலா" என்றாள்.

"ரொபோலாதானே ஊத்தினே, வேற என்னவா இருக்கும்?" என்றாள் ரூபீனா.

"இல்லடி. இதுல நம்ம ஊர் இருக்கு." தியமந்தீனா கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். "எங்க இருக்கானோ அந்த ஊரோட ருசிதானே இது இத்தனை வருஷமும். நம்ம ஊர் ருசி அடிக்குது. அவன் வந்துட்டான்."

முப்பது பேரும் வாசலைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. ஆனால் அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. ஆளாளுக்குக் குடித்துப் பார்த்தார்கள். ரொபோலாதான், கலப்படமே இல்லாத லித்தாரியா ரொபோலா. பீப்பாய் திறக்கும்போது இருப்பேன் என்று சொன்னவன், இருந்தான்.

"அப்போ இந்தக் கோதுமையை என்ன பண்றது?" என்றார் பாதிரியார், கரண்டியைப் பிடித்தபடி.

"சாப்பிடுங்க சாமி. அவனும் பசியோடதான் வந்திருப்பான்."

மரீனோஸ் எழுந்து மேசைக்குக் குறுக்கே தன் கண்ணாடியை நீட்டினான். அவள் தன் கண்ணாடியை அதில் முட்டினாள். அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி முப்பது கண்ணாடிகளும் முட்டிக்கொண்டன. பத்து வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

எல்லோரும் போன பிறகு அவள் நிலவறைக்குப் போய்க் கருப்பில் ஒரு கண்ணாடி பிடித்து வந்து மரீனோஸ் முன்னால் வைத்தாள். அவள் காலால் மிதித்தது, அடிவண்டல் கழுவாதது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பீப்பாயிலிருந்து அவனுக்கு அவள் தன் கையால் ஊற்றிக் கொடுத்தது அதுதான் முதல்.

"இதைக் குடிச்சுச் சொல்லு. இது எந்தத் துறைமுகம்?"

அவன் குடித்தான். எந்த அக்டோபரிலும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"இது எங்கேயும் போகலை" என்றான். "இங்கேயேதான் இருந்திருக்கு. யாரும் திரும்பிப் பாக்கலை."

"உப்பு இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

நவம்பரில் மெல்போர்னுக்குப் போன கப்பலில் ஓர் இடம் காலியாகவே போனது. அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியார் மறுத்துவிட்டார். புருஷன் ஊர் திரும்பி வீட்டில் இருக்கும்போது அவன் மனைவிக்கு இன்னொருவனை எப்படி மணமுடிப்பது? முப்பது சாட்சி வேறு. இருவரும் அதை நியாயம் என்றே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே மரீனோஸ் தினமும் மதியம் கையைக் கழுவிக்கொண்டு வருவான். மேசையில் மூன்று தட்டு, மூன்று கண்ணாடி. இரண்டில் கருப்பு, ஒன்றில் வெள்ளை. மூன்றையும் முட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். சாப்பாடு முடிவதற்குள் வெள்ளைக் கண்ணாடி காலியாகியிருக்கும். யார் குடித்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. பதினேழு வருஷம் இப்படி. சில நாள் அவள் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அவன். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே, "பனாயிஸ், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், அவள் "சௌக்கியம்" என்று பதில் சொல்வாள். அந்தப் பீப்பாய் அதற்குப் பிறகு எந்தப் புயலுக்கும் ஆடவில்லை. கயிற்றை அவிழ்த்துத் துணி காயப் போட்டுக்கொண்டார்கள்.

மரீனோஸுக்கு ஒன்பது வயதில் வந்த விஷக் காய்ச்சலில் நாக்கும் மூக்கும் செத்துப்போய் ஆயுசு முழுக்க எந்த ருசியும் வாசமும் தெரியாமலே போயிற்று; அதை முதலில் கண்டுபிடித்து, அவனுக்கு நாக்கு என்று பட்டப்பெயரும் வைத்தவள், பள்ளிக்கூடத்தில் ஒரு கோப்பைக் காடியைத் தண்ணீர் என்று கொடுத்து அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்ததைக் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று பார்த்த ஏழு வயதுத் தியமந்தீனா.